முதலில் அம்மாவைக் காட்டுங்க!

“நாய்க்குட்டி ஒண்ணு வாங்கணும் ஸார். நல்ல ப்ரீடர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?”

நண்பர் ஒருவர் போனில் கேட்டார். பையனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாளாம். கேக் வெட்டும்போது குட்டி அவன் கையில் இருக்க வேண்டுமாம்.

ஒரு நம்பரைக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பாவம், ஆயிரம் வேலையில் இருந்த மனிதர்! ஆனால், அவர் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை நான் ஒரு காலத்தில் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் போனை வைக்க மனசு வரவில்லை.

உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ‘நாய் வேணும்’ என்று அவள் போட்ட மனு மூன்று வருடமாக எங்கள் வீட்டில் நிலுவையில் கிடந்தது. ஒரு நாள் நானும் மனைவியும் சரணடைந்தோம். யாரோ யாருக்கோ சொல்லி, ஒரு நம்பர் கிடைத்தது. “லேப்ரடார் குட்டி ரெடியா இருக்கு. வந்து எடுத்துக்குங்க” என்றது எதிர்முனைக் குரல். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அட, எவ்வளவு ஈஸி!’ என்று சந்தோஷப்பட்டேன்.

நகரத்தின் எல்லையைத் தாண்டி, இன்னும் ரோடு போடாத ஒரு தெரு. வீட்டுக்குப் பின்னால் இருந்து நிறைய நாய்கள் குரைக்கிற சத்தம். கேட்டுக்கு வெளியிலேயே எங்களை நிறுத்திவிட்டார் அந்த ஆள்.

“உள்ள வராதீங்க ஸார். தாய் நாய் கடிச்சிடும்.”

தக்காளி ஏற்றுகிற ப்ளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். உள்ளே இரண்டு குட்டிகள். ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொன்று மூலையில் சுருண்டு படுத்திருந்தது. கண்ணோரம் பீளை. உடம்புக்குச் சம்பந்தம் இல்லாமல் உப்பிய வயிறு. “நாப்பது நாள் ஆச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு” என்றார். எந்த ஊசி, யார் போட்டது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. அப்போதுதான் என் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“பாவங்க... இது இங்கயே கிடந்தா செத்துடும். நாமளாவது எடுத்துட்டுப் போயிடலாம்.”

படுத்திருந்த குட்டியையே எடுத்தோம். எட்டாயிரம் ரூபாய். திரும்பி வரும் வழியெல்லாம் அது மகளின் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன்... எனக்குள் ஒரு பெருமை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற பெருமை.

மகள் அதற்கு ‘லட்டு’ என்று பெயர் வைத்தாள். நாலாவது நாள் லட்டு சாப்பிடவில்லை. சாயந்திரம் வாந்தி. ராத்திரி ரத்தமாகப் பேதி. மறுநாள் காலை கால்நடை டாக்டரிடம் ஓடினோம். பரிசோதனை செய்துவிட்டு, “பார்வோ” என்றார். ட்ரிப்ஸ் ஏற்றினார். இரண்டு நாள் போராடினார். ஏழாவது நாள் ராத்திரி அது போய்விட்டது.

மகள் அழுது முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“லட்டு அதோட அம்மாகிட்டயே இருந்திருந்தா செத்திருக்காதாப்பா?”

என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் கொஞ்சம் இருந்தது.

பில் கட்டப் போன அன்று டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். வயதான மனிதர். கிராமங்களில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நகரத்துக்கு வந்தவர்.

“தாய் நாயைப் பார்த்தீங்களா?”

“இல்ல டாக்டர். கடிக்கும்னு சொன்னாங்க.”

“நம்ம ஊர்ல மாடு வாங்கப் போறவன் பாலைப் பார்ப்பான், மடியைப் பார்ப்பான், சுழி பார்ப்பான். பொண்ணு பார்க்கப் போனா, அவ அம்மாவைப் பார்த்துட்டுத்தான் பொண்ணையே பார்ப்பாங்க. நாய்க்குட்டின்னா மட்டும் மூஞ்சியைப் பார்த்துட்டு வாங்கிட்டு வந்துடறீங்களே!”

பிறகு பொறுமையாக விளக்கினார். குட்டிக்கு முதல் சில வாரங்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி வருவது தாயின் சீம்பாலில் இருந்துதான். தாய்க்கே தடுப்பூசி போடவில்லை என்றால், குட்டிக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. தாயிடமிருந்து வந்த அந்த சக்தி சில வாரங்களில் குறைய ஆரம்பிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும் வரை. ஒரே ஊசியோடு ‘எல்லாம் போட்டாச்சு’ என்று சொன்னால் அது பொய். பார்வோ கிருமி தொற்றியவுடன் தெரியாது. சில நாட்கள் உள்ளேயே இருந்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும். ஆக, லட்டு அநேகமாக அந்தத் தக்காளிப் பெட்டியிலிருந்தே நோயோடுதான் வந்திருக்கிறது.

“இன்னும் ஒரு வருஷத்துக்கு வீட்டுக்குள்ள வேற குட்டி கொண்டு வராதீங்க. அந்தக் கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது” என்றார்.

நான் சமாதானத்துக்காக ஒன்று சொன்னேன். “பரவாயில்ல டாக்டர். கடைசி ஒரு வாரமாவது அது அன்பா இருக்கிற ஒரு வீட்ல இருந்துச்சு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அது சரி. நீங்க குடுத்த எட்டாயிரத்துல அந்த ஆள் அடுத்த ஈத்துக்குத் தயார் பண்ணிட்டிருப்பான். அந்தத் தாய்க்கு ஒரு வாரம் அன்பா யார் இருக்காங்க?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நாங்கள் செய்தது நல்லதா, கெட்டதா?

மனசில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. நோஞ்சானாகக் கிடந்த ஒரு ஜீவனைப் பார்த்து இரக்கப்பட்டோம். ‘நல்ல குட்டியைக் கொடு’ என்று பேரம் பேசவில்லை. கெட்டுப்போன பழம் என்று ஒதுக்கவும் இல்லை. இரக்கம் தப்பா?

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். தின்பதற்காக வாங்குகிறவர்கள் உலகத்தில் இல்லை என்றால், காசுக்காகக் கொன்று விற்கிறவனும் இருக்க மாட்டான் என்பது அதன் சாரம். மட்டன் பிரியாணிக்கு முன்னால் உட்காரும்போது நான் வசதியாக மறந்துவிடுகிற குறள் அது. நாய்க்குட்டி விஷயத்தில் அது என்னைப் பிடித்துக்கொண்டது. கத்தியைப் பிடித்திருப்பவன் மட்டும் அல்ல, பர்ஸைத் திறக்கிறவனும் அந்தக் காரியத்தில் பங்காளி என்கிறார் அந்த மனிதர்.

நான் ‘காப்பாற்றுகிறேன்’ என்று நினைத்துக் கொடுத்த பணத்தை அந்த ஆள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? அவருக்கு நான் கருணை வள்ளல் அல்ல, ஒரு கஸ்டமர். நோய்க் குட்டிக்கும் அதே எட்டாயிரம் கிடைக்கிறது என்றால், ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் அவர் ஏன் செலவு செய்ய வேண்டும்? நம்முடைய இரக்கத்துக்கும் ஒரு மார்க்கெட் ரேட் இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் நோஞ்சான் குட்டியையும் பெட்டியில் வைத்துத்தான் காட்டுவார்கள்.

தப்பு இரக்கத்தில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அது பாதி வழியிலேயே நின்றுவிட்டதுதான் தப்பு. கண்ணெதிரே இருந்த குட்டியிடம் போய்ச் சேர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குரைத்துக்கொண்டிருந்த தாயிடம் போகவில்லை.

அந்தத் தாயைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டை நாய் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஒவ்வொரு பருவத்திலும் விடாமல் இணை சேர்த்தால், ஒரு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் பதினாலு ஈத்து! ஈத்துக்கு ஏழு குட்டி, குட்டிக்கு எட்டாயிரம் என்றால், ஒரு தடவைக்கு 56,000 ரூபாய். உடம்பு தேறுவதற்குள் அடுத்த சினை.  பலன் நின்ற பிறகு அதற்குச் சோறு போட்டு வைத்திருக்க அந்தக் கணக்கில் இடம் இல்லை. மடி தொங்கிப்போன உயர்ஜாதி நாய் ஒன்று திடீரென்று தெருமுனையில் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகளே கொண்டுவந்தது. ப்ரீடர் என்று சொல்லிக்கொள்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் முடிவதற்கு முன்பு இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் மொத்தமே ஐந்து. எட்டு வயதுக்கு மேல் கூடவே கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

லட்டுவுக்கு ‘நாப்பது நாள்’. எட்டு வாரம் என்றால் 56 நாள். அந்த ஆள் தன் வாயாலேயே, கேட்டுக்கு வெளியே நின்று, சட்டத்தை மீறியதை எங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாங்கள் ‘அப்படியா’ என்று தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறோம்!

அது என்ன எட்டு வாரக் கணக்கு? தாயோடும் கூடப்பிறந்தவர்களோடும் உருண்டு புரளும்போதுதான் குட்டி சில விஷயங்களைக் கற்றுக்கொள்கிறது. ‘இவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும், விளையாட்டு நின்றுபோகும்’ என்பதும் அதில் ஒன்று. ஐந்து வாரத்திலேயே பிரித்துக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ‘எங்க நாய் எதைப் பார்த்தாலும் பயப்படுது, எல்லாரையும் கடிக்குது’ என்று புலம்புகிறோம். விற்கிறவருக்கு ஐந்து வாரம்தான் லாபம். பால்குடி மறக்கும் நேரம் வந்துவிட்டால் தீனிச் செலவு அவர் தலையில் விழும். தவிர, சின்னதாக இருந்தால்தான் நாம் ‘ஐயோ, எவ்ளோ க்யூட்!’ என்று உருகுவோம்.

சரி, அந்த ஒரு ஆளை மட்டும் வில்லனாக்கிவிட்டு நாம் தப்பிக்க முடியுமா?

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகுமே, ஒரு பக் நாய்! அதற்குப் பிறகு நம் நகரங்களில் பக் வாங்க எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அந்தச் சப்பை மூக்குதான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், பல பக் நாய்களுக்கு மூச்சு விடுவதே வேலையாகிவிட்டது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் குறுகிப்போன நாய், நம் ஊர் மே மாத வெயிலில் என்ன பாடுபடும்? அது விடுகிற குறட்டையை வீடியோ எடுத்து ரசிக்கிறோம். அது மூச்சுக்குத் திண்டாடுகிறது.

எந்த ப்ரீடரும் யார் கழுத்திலும் கத்தியை வைத்து பக் விற்கவில்லை. நாம் கேட்டோம், அவர்கள் கொடுத்தார்கள். ‘எந்த ப்ரீடர் நல்லவர்?’ என்று தேடுவதற்கு முன்பு, ‘நான் கேட்கிற நாய் என் ஊருக்கு, என் வீட்டுக்கு, என் நேரத்துக்குப் பொருந்துமா?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தப் புத்தி வந்தது என் மூளையால் அல்ல. தெற்கத்திப் பக்கம் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிந்த பிறகு, மகள் பழைய மனுவைத் தூசு தட்டினாள். இந்த முறை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டு நாய் எதற்கு, நம்ம ஊர் ராஜபாளையம் வாங்கலாமே என்று தோன்றியது. 2005-ல் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட ஸ்டாம்புகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ராஜ நடை. சொந்த மண்ணின் நாயை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். விசாரித்து, ஒரு பெரியவரின் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம்.

நான் தயாராகப் போயிருந்தேன். வாசலில் நின்று முதல் வசனமே அதுதான்: “ஐயா, முதல்ல அம்மாவைக் காட்டுங்க!”

அவர் சிரித்துவிட்டு ஒரு சீட்டி அடித்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டை நாய் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தது. எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. அவர் கையில் தலையை முட்டியது. விலா எலும்பு லேசாகத் தெரிந்தாலும் தோல் பளபளப்பாக இருந்தது. “இது ரெண்டாவது ஈத்து. இன்னும் ரெண்டு போட்டா போதும். அப்புறம் இது பாட்டுக்குத் தோட்டத்துல இருக்கும். அதோ, அது இதோட ஆத்தா” என்று திண்ணையைக் காட்டினார். கிழட்டு நாய் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற தாய்க்கும் அங்கே இடம் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி திருப்தி.

ஏழு குட்டிகள் இருந்தன. அவர் ஒரு அலுமினியத் தட்டை எடுத்துக் குட்டிகளுக்குப் பின்னால் நின்று ‘டங்’கென்று தட்டினார். ஆறு குட்டிகள் திரும்பின. ஒன்று திரும்பவில்லை. அது பாட்டுக்குக் காய்ந்த இலையோடு விளையாடிக்கொண்டிருந்தது.

“இதுக்குக் காது கேக்காது தம்பி. வெள்ளை நாயில இப்படி ஒண்ணு ரெண்டு பொறக்கும்.”

அது வெறும் நாட்டு நம்பிக்கை இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் திறன் போய்விடும். முழு வெள்ளையான இனங்களில் இந்தப் பிரச்னை அதிகம். ராஜபாளையமும் அதில் உண்டு. வெள்ளைக்கு வெள்ளை, சொந்தத்துக்குள் சொந்தம் என்று இணை சேர்த்துக்கொண்டே போனால் இன்னும் மோசமாகும். ‘சுத்தமான ரத்தம்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு அந்தக் குட்டிகள் காதைக் கொடுக்கின்றன.

“இதை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“என்ன பண்றது... எங்கிட்டதான் இருக்கும். காது கேக்காத நாயை வித்தா, வாங்கினவன் ‘கூப்பிட்டா வரமாட்டேங்குது’ன்னு அடிப்பான். நான்தான பொறக்க வச்சேன்? நான்தான் பார்க்கணும். அடுத்த தடவை அந்த ஆண் நாய் வேண்டாம், வேற ஊர்லருந்து கொண்டுவரணும்.”

‘நான்தான பொறக்க வச்சேன்?’ பொறுப்பு என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இனிமேல்தான் விஷயமே. நான் நாலு கேள்வி கேட்டதற்கு அவர் நாற்பது கேட்டார். வீடு சொந்தமா, வாடகையா? எத்தனாவது மாடி? வாசல் உண்டா? காலையில் யார் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள்? நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கட்டிப் போடுவீர்களா? இதற்கு முன்னால் நாய் வளர்த்ததுண்டா? அது என்ன ஆச்சு?

கடைசிக் கேள்விக்கு என் மகள்தான் பதில் சொன்னாள். லட்டுவின் கதை முழுவதையும் கேட்டார். அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம் சொன்னார்:

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. இது வேட்டைக்கும் காவலுக்கும்னு வந்த நாய். ஓடணும். ரெண்டாவது மாடியில, ரெண்டு ரூமுக்குள்ள வச்சா அதுக்கும் பைத்தியம் பிடிக்கும், உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும். உங்களுக்கு இந்த நாய் வேண்டாம்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டோமே ஐயா...”

“வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க.”

முன்னூறு மைல் போய், கையில் பணத்தோடு, சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒரே வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். ஊர் நெருங்க நெருங்க அது மரியாதையாக மாறியது. முதல் ஆள் ஒரு கேள்வியும் கேட்காமல் விற்றார். இவர் எல்லாம் கேட்டுவிட்டு விற்க மறுத்தார். எங்களுக்கு விற்க மறுத்த இவரைத்தான் நான் இன்றைக்கும் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன். வேடிக்கை!

போனில் நண்பருக்கு நான் சொன்னதும் இதைத்தான். நல்ல ப்ரீடர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

தாயை, அது வாழ்கிற இடத்திலேயே வைத்துக் காட்டுவார். பஸ் ஸ்டாண்டுக்கோ ரோட்டோரத்துக்கோ குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்ல மாட்டார். எட்டு வாரத்துக்கு முன்பு நீங்கள் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். பதிவுச் சான்றிதழையும், டாக்டர் கையெழுத்துப் போட்ட தடுப்பூசிப் புத்தகத்தையும் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவார். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். அவற்றின் தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் முறைக்க மாட்டார். பத்து விதமான ஜாதி நாய்களை வருடம் பூராவும் ‘ஸ்டாக்’ வைத்திருக்க மாட்டார். பெரும்பாலும் உங்களைக் காத்திருக்கச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே, ‘வளர்க்க முடியலைன்னா எத்தனை வருஷம் கழிச்சாலும் எங்கிட்டயே கொண்டு வாங்க’ என்பார்.

“கே.சி.ஐ. பேப்பர் இருந்தா போதும்னு சொல்றாங்களே?” என்றார் நண்பர்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருகிற சான்றிதழில் குட்டியின் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் இருக்கும். வம்சத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும். அந்தத் தாய் கூண்டில் வாழ்கிறதா, தோட்டத்தில் வாழ்கிறதா என்பது அதில் இருக்காது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமல் விட்ட கல்யாணங்களை நாம் பார்த்ததில்லையா?

நண்பர் பெருமூச்சு விட்டார். “அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இதெல்லாம் நடக்காது போலிருக்கே ஸார்.”

“நடக்காது. பர்த்டேக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க. சைக்கிளுக்கு அம்மா கிடையாது.”

எங்கள் வீட்டுக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தெரு டீக்கடை வாசலில் செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய் ரொம்ப நாளாக இருக்கிறது. அதன் குணம் தெருவுக்கே தெரியும். அது குட்டி போட்டபோது, மகள் தினமும் போய்ப் பார்த்தாள். எட்டு வாரம் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணினாள். பிறகு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய ஏற்பாடு பண்ணினோம். விலை கொடுக்கவில்லை, ஜாதி தெரியாது. ஆனால், பெரியவர்கள் சொன்னபடி தாயைப் பார்த்து எடுத்த குட்டி. அந்தத் தாய் இன்றைக்கும் சாயந்திரமானால் எங்கள் கேட்டுக்கு வந்து பிஸ்கட் வசூல் செய்துவிட்டுப் போகிறது.

எல்லாரும் தெருநாய்தான் வளர்க்க வேண்டும் என்று நான் பிரசாரம் செய்யவில்லை. நல்ல முறையில் வளர்க்கிறவர்கள் இல்லாமல் போனால் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் படங்களில் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பெரியவர் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, அவர் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அதுவும் ஒரு புண்ணியம்தான்.

ஆனால், ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. என் மனைவி கேட்ட கேள்வி. “நீங்க சொல்றதெல்லாம் சரி. வாங்கலைன்னா அந்த ஆள் திருந்துவான்னே வச்சுக்குவோம். ஆனா, அன்னிக்கு அந்தப் பெட்டிக்குள்ள கிடந்த குட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?”

ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் இதில் இருக்கிற கொடுமை. இனி பிறக்கப்போகிற குட்டிகளுக்காகக் கண்ணெதிரே இருக்கிற ஒன்றைக் கைவிடு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கணக்கில் நியாயமாக இருக்கிறது. கண்ணைப் பார்த்தால் அநியாயமாக இருக்கிறது.

மறுபடி அப்படி ஒரு கேட்டுக்கு வெளியே நிற்க நேர்ந்தால் என்ன செய்வேன்? பர்ஸை எடுக்க மாட்டேன். இடத்தைக் குறித்துக்கொண்டு போலீஸிலும், விலங்குகள் நல வாரியத்திலும் எழுதிக் கொடுப்பேன். அவர்கள் வருகிற வரை விடாமல் நச்சரிப்பேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது. புகார் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் அந்தக் குட்டி செத்துப்போகவும் கூடும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. வரக் கூடாது.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள். என் மனைவியிடம் காட்ட வேண்டும்.